சயாஜீயின் கையெழுத்தும் பாக்கியம் அக்காவின் கையும்

பில் போடுகிறவனைப் பார்க்க யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஆனால் அவனைப் பார்க்காமல் யாரும் வெளியே போவதும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்தவர் செய்த வேலைக்குச் சீட்டு எழுதி, அடுத்தவர் வாங்க வேண்டிய திட்டைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும் என் இனத்து மக்களே, இது உங்களுக்காகத்தான்.

எங்கள் கிளினிக் பர்மாவில், கியாக்டடா என்ற பேட்டையில், பஸ் ஹாரன் ஓயாத ஒரு தெருவில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. கரண்ட் இருந்தால் லிஃப்ட் உண்டு. இல்லாவிட்டால் முழங்கால் வலிக்காரர் ஏறி வருவதற்குள் அவருக்கு மூச்சு வலியும் சேர்ந்துவிடும். வீட்டில் என் பெயர் முருகேசன், கிளினிக்கில் பர்மியப் பெயர், கோ மியோ. பதினோரு வருடமாக இந்தக் கவுண்டரில் இருக்கிறேன்.

பெரிய டாக்டரை எல்லோரும் சயாஜீ என்போம். சர்க்கரை நோயில் வரும் கால்புண்ணுக்கு அவர் பேர் போனவர். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது பாக்கியம் அக்கா. என்னைப் போலத் தமிழ்; சம்பளப் பட்டியலில் டோ மியா. சயாஜீ பார்த்தால் ஒரு கட்டணம், நர்ஸ் பார்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே ஆளைப் பார்த்தால்? அதற்கு எங்கள் மேனேஜர் டோ சான் ஒரு விதி எழுதிக் கொடுத்திருந்தார்: யார் அதிக நேரம் பார்த்தாரோ, அல்லது மருந்தை மாற்றுவது, விரலை எடுப்பது மாதிரியான முடிவை யார் எடுத்தாரோ, அவர் பெயரில் ஒரே சீட்டு, அவரே கையெழுத்துப் போட வேண்டும். நல்ல விதி. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். அதன் மேல்தான் தினமும் டீ கிளாஸை வைப்பேன்.

நடைமுறை வேறு. காலையில் சயாஜீ வந்ததும் ஒரு கிளாஸ் லபெயே, அதாவது பால் டீ, வாங்கிக் கொடுப்போம். அதைக் குடித்து முடிப்பதற்குள் ஐம்பது வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவருக்கும் நேரம் மிச்சம், எனக்கும் அலைச்சல் மிச்சம். பிறகு நான் நோயாளி பெயரை எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன், அவ்வளவுதான். கையெழுத்து ஏற்கெனவே இருக்கிற சீட்டில் பார்த்தவர் என்று வேறு யார் பெயரை எழுத முடியும், சொல்லுங்கள்.

தலை மட்டும் உள்ளே

த்வாண்டேயில் பானை செய்கிற ஊ அவுங் என்ற பெரியவருக்குக் கால் பெருவிரலில் புண். படகும் பஸ்ஸுமாக மாறி வந்திருந்தார். பாக்கியம் அக்கா முக்கால் மணி நேரம் உட்கார்ந்து புண்ணைச் சுத்தம் செய்தார். நடுவில் சயாஜீ அந்த வழியாகப் போனவர் கதவைத் திறந்து தலையை நீட்டி, "வலி எப்படி?" என்று கேட்டார். ஊ அவுங் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

நான் வழக்கம்போல டாக்டர் கட்டணம் போட்டேன். மனிதர் சீட்டை இரண்டு முறை படித்தார். "சயாஜீ பார்த்தாரே, ஐயா" என்றேன். அவர் கோபப்படவில்லை. பானையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசியில் "தள்ளுபடி" என்று எழுதிக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்தேன். சயாஜீயின் பெயரை மட்டும் மாற்றவில்லை. கையெழுத்துப் போட்ட சீட்டைக் கிழித்தால் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும். போகும்போது அவர் பர்மிய மொழியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"தலைய நீட்டினதுக்கே காசுன்னா, கீழ வாட்ச்மேனும்தான் தலைய நீட்டி என்னைப் பார்த்தாரு. அவருக்கும் ஒரு சீட்டுப் போடு, தம்பி."

பெரிய பெயர் வேண்டும்

எல்லோரும் ஊ அவுங் மாதிரி இருந்தால் நம் பிழைப்பு சுலபம். ஜவுளிக்கடை பாய் ஒருவர் தோள்பட்டை வலியோடு வந்தார். சயாஜீ ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே கையை மேலே தூக்கு, கீழே இறக்கு என்று ஒரு மணி நேரம். ஊ அவுங் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டிருந்ததால், அன்றைக்கு டீ கிளாஸை நகர்த்தி விதியைப் படித்து, முறைப்படி பிசியோதெரபிஸ்ட் பெயரில் புதுச் சீட்டு எழுதி, குறைந்த கட்டணம் போட்டேன்.

பாய் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதிகப் பணம் கட்டவும் தயார், ஃபோனில் இப்போதே அனுப்புகிறேன், ஆனால் சயாஜீ பெயரைப் போடு என்றார். விதியை விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு வலிக்காத கையை ஆட்டியபடி சொன்னார்:

"தம்பி, பெரிய டாக்டர் பேரு இல்லாத சீட்டைக் காமிச்சா, எனக்கு நெசமாவே வலிச்சுதுன்னு வீட்ல ஒருத்தரும் நம்ப மாட்டாக."

ஆறு வருட லீவு

ஒரு திங்கட்கிழமை மதியம் பாக்கியம் அக்கா கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு விண்ணப்பம். கால்புண் பராமரிப்புக்கென்று நர்ஸ்களுக்கு ஆறு மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறதாம். முடித்தால் தனியாக ஓர் அறையைத் தன் பொறுப்பில் நடத்தலாம். நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. இந்த முறை விட்டால் அடுத்த முறை இல்லை. இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான் பெரியது: முதல் நாளிலிருந்து புண் ஆறும்வரை தானே பார்த்த ஐம்பது நோயாளிகளின் விவரம், கிளினிக் பதிவிலிருந்து, டாக்டர் கையெழுத்தோடு வேண்டும்.

"ஐம்பதென்ன அக்கா, ஐந்நூறு எடுத்துத் தரேன்" என்று கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினேன். எதுவும் வரவில்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி தட்டினேன். அக்கா இங்கே சேர்ந்த ஆறு வருடத்தில் டோ மியா என்ற பெயரில் ஊசி போட்ட சீட்டுகள் சில இருந்தன. கட்டுப் போட்ட சீட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாக் காலும் சயாஜீயின் பெயரில் இருந்தது. எழுதியவன் நான்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏதோ சாஃப்ட்வேர் கோளாறு என்று முனகினேன்; அதுவும் பொய். அக்கா திரையை எட்டிப் பார்த்தார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். விண்ணப்பத்தை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"அப்ப ஆறு வருஷமா நான் லீவுல இருந்திருக்கேன் போல, தம்பி."

மாவ்பியில் சாப்பிட்டவர்

மூன்று நாள் கழித்து மாவ்பியிலிருந்து சரோஜா என்று ஒரு பெண் வந்தார். சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறவர். அவருடைய மாமனாருக்குக் காலில் புண். சனிக்கிழமைதோறும் புருஷன்தான் கிழவரைக் கூட்டிக்கொண்டு வருவார். இந்த முறை மருந்து வாங்கத் தனியாக வந்த சரோஜா, போன சனிக்கிழமைச் சீட்டை என் முன்னால் வைத்து, காலை பதினோரு மணிக்குச் சயாஜீ பார்த்ததாக எழுதியிருக்கிறதே, சரிதானா என்று கேட்டார். கையெழுத்தைக் காட்டி, சந்தேகமே இல்லை என்றேன்.

இந்த இடத்தில், சக ஊழியர்களே, நான் வாயை மூடியிருக்கலாம். அந்தச் சனிக்கிழமை சயாஜீ ஊரிலேயே இல்லை. சொந்தக்காரப் பையனைப் புத்த பிக்குவாக்கிக் காவி உடுத்தும் விழா என்று காலையிலேயே காரில் கிளம்பிவிட்டார். முந்தின நாள் கையெழுத்துப் போட்ட சீட்டுகள் மிச்சம் இருந்தன. நானும் எழுதித் தள்ளிவிட்டேன். விழா எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை. அது மாவ்பியில், சரோஜா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அது தெரியாமல் நான், "சயாஜீ ரொம்ப நேரம் எடுத்துப் பார்த்திருப்பார், அம்மா" என்று வேறு சொல்லிவைத்தேன். மேனேஜர் டோ சான் அப்போது என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சரோஜா அடுத்ததைப் பர்மிய மொழியிலும் ஒரு தடவை சொன்னார்:

"பதினோரு மணிக்கு அந்தப் பந்தியில நான்தாங்க அவருக்குச் சோறு போட்டேன். கோழிக்குழம்பு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

பஞ்சு நோட்டு

சரோஜாவுக்கு அதிகமாக வாங்கின பணத்தை டோ சான் தன் கையாலேயே திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார். பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பதினோரு வருடத்தில் அங்கே உட்காரச் சொல்லாமல் நான் நின்றுகொண்டே இருந்தது அன்றுதான். வெற்றுச் சீட்டில் கையெழுத்து வாங்குவது அன்றோடு முடிந்தது. பார்த்தவர் யாரோ அவர் பெயர், அதுவும் பார்த்த பிறகு என்றார். இதுபோல இன்னும் எத்தனை சீட்டு இருக்கிறது, உண்மையில் யார் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா என்றும் கேட்டார். அக்காவின் விண்ணப்பத்துக்குத் தேவையானதும் அதேதான். முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி காட்டியது எங்கள் ஸ்டோர்காரர். கை சுத்தமான மனிதர், ஆனால் கஞ்சன். ஒரு துண்டு பஞ்சோ, கட்டுப் போடும் காஸ் துணியோ வேண்டுமென்றாலும் தேதி, நோயாளி பெயர், எத்தனை துண்டு, எடுத்தவர் கையெழுத்து, நாலும் நோட்டில் ஏறினால்தான் அலமாரியைத் திறப்பார். இதற்காக அவரை நாங்கள் செய்யாத கேலி இல்லை. ஆறு வருட நோட்டுகளையும் கட்டிக் கயிறு போட்டு வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் "மியா" என்று அக்காவின் கையெழுத்து. ஒரு நோயாளி பெயருக்கு நேரே முதல் வாரம் எட்டுத் துண்டு, பிறகு ஆறு, மூன்று, ஒன்று; அதற்கப்புறம் அந்தப் பெயர் வராது. புண் ஆறிவிட்டது என்று அர்த்தம். நான் எழுதிய சீட்டுகளில் இது எதுவுமே இல்லை.

நோட்டையும் சீட்டையும் தேதி பார்த்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளையிலும் விடவில்லை. அப்படிப் பார்க்கும்போது நோட்டில் கோ மியோ என்று ஒரு பெயர் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் மருந்துப் பெட்டியைப் பிரிக்கும்போது கத்தி என் உள்ளங்கையில் இறங்கியது. சயாஜீ வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்; அக்காதான் கட்டுப் போட்டார், எனக்கு மயக்கம் வருகிற மாதிரி இருந்ததால் என் தலையையும் பிடித்துக்கொண்டார். அந்தத் தேதிச் சீட்டை எடுத்தேன். என் எழுத்தில், என் பெயருக்கு நேரே, பார்த்தவர்: சயாஜீ. இடது கையில் கட்டோடு வலது கையால் நானே எழுதியிருக்கிறேன். என் மேல் எனக்கே அருவருப்பு வந்தது. ஸ்டோர்காரரிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். அவர் அடுத்த நோட்டின் கயிற்றை அவிழ்த்தபடி சொன்னார்:

"உங்க கம்ப்யூட்டருக்குக் கையெழுத்துப் போட்டவரைத்தான் தெரியும், கோ மியோ. பஞ்சு எடுத்தவங்களை என் நோட்டுக்குத் தெரியும்."

ஆறின டீ

முதலிலிருந்து கடைசிவரை அக்காவே பார்த்த கால்கள் எழுபதுக்கு மேல் கிடைத்தன. அதில் தெளிவான ஐம்பதைப் பொறுக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் தயார் செய்தேன். ஒவ்வொன்றின் அடியிலும், "முதல் நாள் முதல் ஆறும்வரை டோ மியாவே பார்த்தார்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே சயாஜீ கையெழுத்துப் போட வேண்டும். அதாவது, தான் பார்த்ததாக முன்பு கையெழுத்துப் போட்ட ஐம்பது பேரைத் தான் பார்க்கவில்லை என்று இப்போது கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. விண்ணப்பத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

காலையில் டீயை வைத்துவிட்டு, வெற்றுச் சீட்டு வைக்கிற இடத்தில் அந்த ஐம்பது காகிதங்களை வைத்தேன். பக்கத்தில் அக்கா நின்றார். சயாஜீ வழக்கப்படி பேனாவை எடுத்து அடியில் கொண்டுபோனவர், காகிதம் வெள்ளையாக இல்லாததைப் பார்த்து நிறுத்தினார். படித்தார். "அப்ப நான் போட்டதெல்லாம்?" என்று என்னைக் கேட்டார். "கீழே கையெழுத்து உங்களுது, மேலே எழுத்து என்னுது, சயாஜீ. பொய் பாதிப் பாதி" என்றேன். என் வேலை அன்றோடு போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டாவது பக்கத்தைப் புரட்டினார். "இவருக்கு எந்தக் கால்?" என்று அக்காவைக் கேட்டார்.

"வலது கால், சயாஜீ. குதிங்கால்."

அடுத்தவர்? இடது, சுண்டு விரல். அடுத்தவர்? வலது, கணுக்காலுக்கு மேலே, ஆற நாலு மாதம் ஆனது, நடுவில் சர்க்கரை ஏறிவிட்டது. அக்கா எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. சயாஜீ சோதிப்பதற்காகத்தான் கேட்க ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். இருபது பேரைத் தாண்டியதும் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனால் படிப்பதை நிறுத்தவில்லை. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். நான் எழுந்து போய் அவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தேன். ஐம்பதாவது பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போட்டு முடித்தபோது டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. காகிதங்களைத் தட்டி நேராக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு, சயாஜீ கேட்டார்:

"இத்தனை பேர்ல என்னுது கையெழுத்து மட்டும்தானா, டோ மியா?"

முழு ஆளும் உள்ளே

அக்காவுக்கு இடம் கிடைத்தது. ஆறு மாத லீவுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த லீவுச் சீட்டை டோ சானிடம் கொண்டுபோனவன் நான்தான். அதில் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறதா என்று நான் இரண்டு முறை பார்த்தேன். திரும்பி வந்தால் ஓர் அறை அவர் பெயரில், கதவில் பலகையோடு என்று டோ சான் சொல்லியிருக்கிறார். பலகை எழுத இப்போதே ஆள் பார்த்தாயிற்று.

புது நர்ஸ் வருவதற்குள் ஒரு வாரம் இடைவெளி. அந்த வாரத்தில்தான் ஊ அவுங் மறுபடி வந்தார். வேறு ஆள் இல்லாததால் சயாஜீயே உள்ளே போனார். ஸ்டோருக்குத் தானே வந்து, பஞ்சுக்கும் காஸ் துணிக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டார். ஸ்டோர்காரர் அவரிடமும் எத்தனை துண்டு என்று கேட்டார். சயாஜீ ஐந்து என்று எடுத்துப்போய், திரும்பி வந்து இன்னும் நாலு வாங்கினார். ஒரு மணி நேரம் கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, சீட்டில் தன் பெயரைத் தானே எழுதி, கையெழுத்துப் போட்டார். நான் டாக்டர் கட்டணம் போட்டேன். தள்ளுபடி எதுவும் இல்லை. பதினோரு வருடத்தில் அவ்வளவு சுத்தமான சீட்டை நான் எழுதியதில்லை.

ஊ அவுங் முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார். சண்டை போடவில்லை. கட்டுப் போட்ட காலை மெதுவாக ஊன்றிப் பார்த்தார், முகம் சுருங்கியது. பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் வாயை வைத்து, சயாஜீ காதில் விழாதபடி கேட்டார்:

"இன்னிக்குத் தலை, கை, உடம்பு எல்லாமே உள்ள வந்துச்சு, தம்பி, குறை சொல்ல மாட்டேன். அந்த நர்ஸ் சயாமா என்னிக்கு வராங்கன்னு மட்டும் சொல்லு, நான் அன்னிக்கு வரேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என் இனத்து மக்களே, வேலையைச் செய்தவர் யார் என்பது, அவர் உண்மையிலேயே லீவு போட்ட பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரிய வருகிறது.